சாக்கில் விளையும் சேனை

கிழங்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் மும்பை மாணவர் பலருக்கு நினைவில் எழுவது உருளைக்கிழங்கு ஒன்றே. வடா பாவின் உள்ளே இருப்பது அது. விடுதிக் குழம்பில் மிதப்பது அது. மசால் தோசையின் வயிற்றிலும் அதுவே. இந்நகரத்தார் அதனைப் ‘பட்டாட்டா’ என்கின்றனர். அச்சொல் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. பொருளும் அவ்வாறே கடல் கடந்து வந்தது. தென்னமெரிக்க மலைநாடு அதன் தாயகம்.

அது வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே நம் முன்னோர் கிழங்கு அகழ்ந்து உண்டனர். வள்ளிக்கிழங்கு எடுத்த குழியில் கிடைத்த பெண்மகவே வள்ளி என்று கந்தபுராணம் கூறும். கிழங்கின் பெயரைத் தெய்வத்துக்கு இட்டு வழங்கிய மக்களின் வழிவந்தவர்கள் நாம். ஆயினும் இன்று நம்முள் எத்தனை பேர் ஐந்து கிழங்குகளைப் பார்த்த அளவில் பெயர் சொல்ல வல்லோம்? சொன்னாலும், அவற்றுள் எதனை எங்ஙனம் சமைத்தால் தீங்கில்லை என்று எத்தனை பேர் அறிவோம்? பின்னைய வினா முன்னையதைக் காட்டிலும் பெரிது. அதன் காரணம் போகப் போக விளங்கும்.

கிழங்கு என்பது யாது, அது சிலபோது நம்மை ஏன் வருத்துகிறது, தாராவி, செம்பூர் போன்ற இட நெருக்கடி மிக்க பகுதிகளில் அதனை வளர்த்து உண்ணுதல் இயலுமா என்னும் மூன்றினையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வேரா, தண்டா?

மண்ணுக்குள் பருத்து விளைவன யாவற்றையும் நாம் கிழங்கு என்றே அழைக்கிறோம். தாவர நூலார் அவ்வாறு விடுவதில்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உண்மையான வேர்கள். உணவைச் சேமித்துப் பருத்த வேர்கள். சேனை, சேம்பு, உருளை, சிறுகிழங்கு ஆகியன வேர்கள் அல்ல. மண்ணுக்குள் ஒளிந்து வாழும் தண்டுகள். இஞ்சியும் மஞ்சளும் இவ்வகையினவே. இனி, நாம் பொங்கலுக்கு வாங்கும் பனங்கிழங்கோ பெயரளவில்தான் கிழங்கு. பனங்கொட்டை முளைத்து மண்ணுள் இறக்கும் இளமுளையே அது.

வேரையும் தண்டையும் பிரித்தறிவது எளிது. தண்டாயின் அதில் ‘கண்’ இருக்கும். அஃதாவது, துளிர்க்கக் கூடிய மொட்டு இருக்கும். உருளைக்கிழங்கின் குழிகளும் சேனையின் நடுவே உள்ள கொழுந்தும் அத்தகையன.

இவ்வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று, பயிரிடுவோனுக்கும் வேண்டுவது. சேனையைத் துண்டாக்கி நடும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுக்கொழுந்தின் ஒரு பகுதி இருத்தல் வேண்டும். மரவள்ளியைக் கிழங்கு கொண்டு நடுவார் இல்லை. அதன் குச்சியைத்தான் நடுவர். சர்க்கரைவள்ளிக்குக் கொடியின் துண்டு போதும். நடும் பொருள் யாது என்பதை நூலறிவு இல்லாத உழவரும் பிழையின்றி அறிந்திருந்தனர். நம் பாடநூல் அதற்குக் காரணம் கூறுகிறது, அவ்வளவே.

சந்தையில் பெயர்க் குழப்பம்

மாட்டுங்கா மார்க்கெட்டிலோ செம்பூர்க் கடைகளிலோ ஒருமுறை கிழங்குக் கூடைகளின் முன் நின்று பாருங்கள். ஒரே பொருளுக்கு நான்கு பெயர்கள். ஒரே பெயருக்கு இரண்டு பொருள்கள். நம் சேனை மராத்தியர்க்குச் ‘சூரண்’. இந்தி பேசுவோர்க்கு ‘ஜிமிகந்த்’. நம் சேம்பின் இலை அவர்க்கு ‘அளூ’, கிழங்கு ‘அர்பி’. மராத்தியர் ‘ரதாளே’ என்றால் அது சர்க்கரைவள்ளி. குஜராத்தியர் ‘ரதாளு’ என்றால் அது ஊதாநிறப் பெருவள்ளி. ஓர் எழுத்து மாறினால் பையில் விழும் பொருளே மாறிவிடும்! இந்த ஊதாநிறப் பெருவள்ளியைத்தான் குஜராத்தியர் குளிர்காலத்து ‘ஊந்தியு’வில் சேர்க்கின்றனர். யாழ்ப்பாணத்தார் இதனையே இராசவள்ளி என்று போற்றித் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இட்டுக் கஞ்சி காய்ச்சுவர்.

மராத்தியர் நோன்பு நாளில் அரிசி உண்ணார், கிழங்கு உண்பர். சாபுதாணா எனப்படும் ஜவ்வரிசி அந்நாளில் அவர்தம் முதன்மை உணவு. அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சேலத்திலிருந்து வருகிறது. சேலத்து மரவள்ளி மாவு உருண்டு திரண்டு இங்கு ஏகாதசி நோன்புக்குத் துணை நிற்கிறது. அங்கே ஜவ்வரிசி ஆலையினர் ஒன்றுகூடி 1981-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அரசியல்வாதிகள் மொழிகளுக்கிடையே வேலி கட்டினாலும் கிழங்கு வேலிக்கடியில் புகுந்து வந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று கேளுங்கள். ஜூன் திங்களில் முதல் மழை பெய்ததும் மும்பைச் சந்தைகளில் ‘சேவளா’ என்னும் பொருள் சில நாட்களுக்கு மட்டும் தோன்றும். சேனைக்கு நெருங்கிய உறவான ஒரு காட்டுச் செடியின் பூங்கொத்து அது. தாணே, பால்கர்க் காடுகளிலிருந்து பழங்குடி மகளிர் சுமந்து வருவர். அதனை விற்கும் பெண்மணி ‘காகட்’ என்னும் புளிப்புக் காயையும் உடன் வைத்திருப்பார். அதனைச் சேர்க்காமல் சமைத்தால் தொண்டை அரிக்கும் என்பதை வாங்குவோர் அனைவரும் அறிவர். நம் வீட்டில் சேனைக்கும் சேம்புக்கும் புளி சேர்ப்பது போன்றதே இதுவும். வேறு காடு, வேறு மொழி. முறை மட்டும் ஒன்று. இஃது எங்ஙனம் ஆயிற்று?

அரிப்பின் காரணம்

சேனையின் மெல்லிய சீவல் ஒன்றை எங்கள் துறையின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மாவுச்சத்தின் மணிகளுக்கிடையே சில அறைகளில் நுண்ணிய ஊசிகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. அவை கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள். செடியைக் கடிக்க வரும் விலங்கின் நாவில் இவை தைக்கும். ஓடவும் ஒளியவும் இயலாத செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது.

புளி இந்த ஊசிகளைக் கரைத்துவிடுகிறது, ஆதலின் அரிப்பு நீங்குகிறது என்று பலரும் எழுதியும் பேசியும் வருகின்றனர். இதனை நாம் அப்படியே ஏற்கலாமா? ஆய்வுக்கூடத்தில் உப்புக்களைப் பகுத்தறியும் பாடத்தை நினைவுகூருங்கள். கால்சியம் ஆக்சலேட்டு அசெட்டிக் அமிலத்தில் கரையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலிய அமிலத்திலேயே கரையும். நானும் சீவலின்மேல் ஒரு துளி வினிகர் இட்டுப் பார்த்தேன். ஊசிகள் இருந்தபடியே இருந்தன. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்டபோதுதான் அவை மறைந்தன. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலமும் மென்மையானதே. பின்னர், நன்கு வேகவைத்த சேனையிலிருந்து ஒரு சீவல் எடுத்து நோக்கினேன். அதிலும் ஊசிகள் இருந்தன! அதே சேனையின் எஞ்சிய பகுதியை அன்று நண்பகல் நாங்கள் உண்டோம். ஒருவருக்கும் தொண்டை அரிக்கவில்லை.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? ஊசி மட்டுமே அரிப்புக்குக் காரணம் அன்று. 1998-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் இதனைத் தெளிவாக்கினர். ஊசியின்மேல் ஒரு வகைப் புரதம் படிந்துள்ளது. ஊசி துளையிட, அப்புரதம் புண்ணில் இறங்கி எரிச்சலை உண்டாக்குகிறது. புரதத்தை நீக்கிய வெற்று ஊசிக்கு அத்துணைக் கொடுமை இல்லை. ஊசி அம்பு எனின், புரதம் அம்பின் நுனியில் தடவிய நஞ்சு எனலாம்.

இனி, சமையலின் நுட்பம் விளங்கும். புரதம் வெப்பத்தாலும் புளிப்பாலும் தன் வடிவம் இழக்கும் தன்மையது. முட்டை வேகும்போது இறுகுவதும், எலுமிச்சை பிழிந்த பால் திரிவதும் இத்தகைய மாற்றங்களே. ஆகவே அம்பு முறியாவிடினும் நஞ்சு அழிகிறது. நீண்ட நேரம் வேகவைத்தலே இங்கு முதன்மையானது. புளி அதற்குத் துணை. அரைவேக்காட்டுச் சேனையில் எவ்வளவு புளி ஊற்றினாலும் பயனில்லை என்று ஆச்சி சொல்வது இதனால்தான். “ஏலே, புளியைக் கரைச்சா மட்டும் ஆகாது, கிழங்கு மசியணும்” என்பது அவருடைய விதி. எங்கள் வேதியியல் பாடத்தோடு அவ்விதி முற்றும் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்க. நீரில் கரையும் ஆக்சலேட்டும் இக்கிழங்குகளிலும் இலைகளிலும் உண்டு. வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் அதன் அளவு குறையும். சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரைக் கேட்டே இவற்றை உண்ண வேண்டும்.

மரவள்ளி கற்பிக்கும் பாடம்

சேனை உடனே அரித்து எச்சரிக்கிறது; அந்த வகையில் அது நேர்மையானது. மரவள்ளியோ வாய்க்கு இனிதாய் இருந்தே தீங்கு செய்யவல்லது. அதிலுள்ள லினமரின் என்னும் பொருள், கிழங்கு வெட்டுண்டு நைந்ததும் நொதியினால் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். கசப்பு வகையில் இது மிகுதி; நாம் வாங்கும் இனிப்பு வகையில் குறைவு. ஹைட்ரஜன் சயனைடு ஏறத்தாழ 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகும். ஆதலின் தோலை முற்றும் உரித்து, சிறு துண்டாக்கி, ஊறவைத்து, நிறைய நீரில் மூடாது கொதிக்கவிட்டு, நீரை வடித்துவிடுதல் வேண்டும். நம் வீடுகளில் முதல் நீரை வடிப்பது வெறும் வழக்கம் அன்று, பாதுகாப்பு.

இம்முறையைக் கைவிட்டால் என்னாகும்? 1981-இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சி. பிற பயிர்கள் கருக, வறட்சியைத் தாங்கிய கசப்பு மரவள்ளி மட்டும் எஞ்சியது. பல நாள் ஊறவைத்து உலர்த்தும் பழைய முறைக்குப் பசி இடங்கொடுக்கவில்லை. விரைந்து சமைத்து உண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால்கள் விறைத்து நடை இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்நோய்க்குக் ‘கொன்சோ’ என்று பெயர். ‘கட்டுண்ட கால்கள்’ என்பது அதன் பொருள். பலருக்கு அந்த ஊனம் பின்னர் நீங்கவே இல்லை.

நம் நாட்டிலோ அதே மரவள்ளி உயிர் காத்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதனைப் பயிரிடுமாறு மக்களை ஊக்கினார். 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் அடுப்பில் வெந்தது மரவள்ளியே. ஒரே கிழங்கு ஓரிடத்தில் உயிர் காத்தது. மற்றோரிடத்தில் காலை முடக்கியது. நடுவில் நின்ற வேறுபாடுகளுள் ஒன்று, சமைக்கும் முறைக்குக் கிடைத்த காலமும் நீரும். கிழங்கை மட்டும் பெற்று, அதனை ஆளும் அறிவை இழப்பது, பூட்டைப் பெற்றுச் சாவியை இழப்பதனினும் கேடு.

இடமில்லா நகரில் பயிர்

‘பத்துக்குப் பத்து அறையில் இருப்பவனுக்குத் தோட்டம் ஏது?’ என்று நண்பர்கள் நகைக்கலாம். சேனைக்கு வயல் வேண்டுவதில்லை. நாள்தோறும் நான்கைந்து மணி நேர வெயிலும் ஓர் அரிசிச் சாக்கும் போதும். செம்பூரில் எங்கள் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி மூன்று பருவங்களாக நான் கண்டு தெளிந்த முறையைக் கூறுகிறேன்.

மேல்மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் அல்லது இலையுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு எனக் கலந்துகொள்க. பிளாஸ்டிக் நூலால் நெய்த அரிசிச் சாக்கின் அடியில் துளைகள் இட்டு, வாயை வெளிப்புறம் மடித்து, முக்கால் பங்கு நிரப்புக. செடி வளர வளர மடிப்பை நீக்கி மண் அணைக்கலாம்.

சேனை: சித்திரை, வைகாசியில் அரைக் கிலோத் துண்டு ஒன்றைச் சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி நடுக. மழை தொடங்கியதும் குடை போன்று விரியும். தண்டு என்று நாம் நினைப்பது உண்மையில் இலைக்காம்பே. முழுச் செடியும் ஒரே இலை. கார்த்திகை, மார்கழியில் இலை மஞ்சளித்துச் சாய்ந்தால் கிழங்கு முற்றிற்று என்க. எனக்கு ஒரு சாக்கில் இரண்டரைக் கிலோ கிடைத்தது. ‘கஜேந்திரா’ என்னும் வகை அரிப்புக் குறைந்தது; புதிதாகத் தொடங்குவோர்க்கு ஏற்றது.

சேம்பு: ஈரம் விரும்பும் பயிர். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் மும்பை மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்நான்கு திங்களும் சேம்புக்குப் பொற்காலம். ஆறேழு திங்களில் கிழங்கு எடுக்கலாம். நடுவே இலையும் பறிக்கலாம். அவ்விலையில் கடலைமாவு தடவிச் சுருட்டி அவிக்கும் ‘அளூ வடி’யை அண்டைவீட்டு மராத்தி அம்மையாரிடம் கற்றுக்கொள்வது நலம்.

சிறுகிழங்கு: நெல்லை நாட்டார் பொங்கலன்று தேடி அலைவது இதனைத்தான். மலையாளிகள் ‘கூர்க்க’ என்பர். இது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் பலர் வியப்பர். இலையைக் கசக்கி முகர்ந்தால் நம்புவர். ஆனி மாதம் ஒரு தொட்டியில் கிழங்கை முளைக்கவிட்டு, ஆடி, ஆவணியில் கொடியின் நுனிகளைக் கிள்ளிச் சாக்கில் நடுக. பகற்பொழுது குறையத் தொடங்கும்போதே இது கிழங்கு வைக்கும். தைப் பிறப்புக்குச் சரியாக அறுவடை. இதற்கு அரிப்பில்லை, தோல் நீக்குவதே தொல்லை. கோணிப் பையிலிட்டுத் தரையில் தேய்த்து எடுத்தால் பாதி வேலை முடியும்.

பெருவள்ளி: கொடி ஏறக் கயிறோ சன்னல் கம்பியோ வேண்டும். இதன் ஊதாநிறம் நம் ஆய்வுக்கூட லிட்மஸ் போன்றது. எலுமிச்சை பட்டால் சிவக்கும், சமையல் சோடா பட்டால் நீலம் பாயும். தம்பி தங்கையர்க்கு வேதியியல் கற்பிக்க இதனினும் மலிவான கருவி இல்லை.

இவ்வனைத்தையும் முறையாக ஆராய்வதற்கென்றே திருவனந்தபுரத்துச் சிறீகாரியத்தில் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இயங்கி வருகிறது. வேளாண்மை பயிலும் நண்பர்கள் அதனை நினைவிற் கொள்க.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, மண். சாக்கடையோரத்திலும் இருப்புப்பாதை ஓரத்திலும் தழைத்து நிற்கும் சேம்பைக் கண்டு ஆசை கொள்ள வேண்டா. கழிவுநீரில் கிருமிகள் உண்டு. தொழிற்சாலைக் கழிவு கலந்தால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. மித்தி ஆற்றங்கரையில் வாழும் நம்மவர் இதனை மறத்தல் கூடாது. பழைய வண்ண டப்பாக்களில் பயிரிடுவதும் தவறு. வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு வரம்பு விதித்த சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். மண்ணையும் உரத்தையும் நாற்றங்கால் கடைகளில் விலைக்கு வாங்குங்கள். சாக்கு நிரப்ப அதிகம் செலவாகாது.

இரண்டாவது, பாரம். ஈரமண் நிறைந்த சாக்கைத் தகரக் கூரைமீதும் சிமெண்டு ஓட்டின்மீதும் ஏற்றாதீர். தரையிலோ உறுதியான சுவரடியிலோ வையுங்கள்.

மூன்றாவது, நீர். சாக்கின் அடியில் தட்டு வைத்து மழைநீர் தேங்கவிட்டால் கிழங்கு விளையுமுன் டெங்குக் கொசு விளைந்துவிடும்.

நான்காவது, அறியாத கிழங்கை உண்ணாதீர். அழகுக்கு வளர்க்கும் செடிகள் பல சேம்பை ஒத்த இலையுடையன, அவை உணவல்ல. காட்டு வள்ளியுள் சில கொடிய நஞ்சுடையன. பழங்குடியினர் அவற்றைச் சீவி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்த பின்னரே உண்பர். அந்நஞ்சினத்துள்ளும் மருந்து உண்டு என்பது வேறு செய்தி. மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளியிலிருந்து ரசல் மார்க்கர் என்னும் அமெரிக்க வேதியியலார் 1940-களில் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரைப் பெரும் அளவில் ஆக்கிக் காட்டினார். மருந்துலகில் ஒரு புதுவழி அதனால் திறந்தது.

முடிவுரை

கிழங்கு அரிசியையும் பருப்பையும் நீக்கிவிடும் என்று நான் கூறவில்லை. அதில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. மலையாளிகள் மரவள்ளியோடு மீன் சேர்த்து உண்பது அதனாற்றான் நன்று. சாக்கு ஒன்றில் விளைவது ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றாது என்பதும் உண்மையே. ஆயினும் அச்சாக்கில் கிழங்கு மட்டுமா விளைகிறது?

தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் ஆச்சிகளும் அம்மாக்களும் எந்தக் கிழங்கை எத்துணை நேரம் வேகவைப்பது, எதன் நீரை வடிப்பது, எதற்குப் புளி, எதற்கு வேண்டா என்று அறிந்தவர்கள். அவ்வறிவு எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. கிழங்கு அடுக்களையை விட்டு நீங்கினால், அடுத்த தலைமுறைக்குள் அவ்வறிவும் நீங்கிவிடும். பின்னர் ஒருநாள் கிழங்கு மட்டும் திரும்பி வந்தால், அதனை ஆளத் தெரியாத மக்களாக நாம் நிற்போம். மொசாம்பிக்கில் வறட்சி ஒரே ஆண்டில் குலைத்த முறையை, இங்கு நம் அசட்டை மெல்ல மெல்லக் குலைத்துவிடலாம்.

மாணவ நண்பர்களே! இவ்விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பெரியோரிடம் கிழங்கின் பெயரையும் பக்குவத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கூறும் முறைக்கு அறிவியற் காரணம் உண்டா என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் தேடுங்கள். காரணம் பொருந்தாவிடின் அதனையும் துணிந்து கூறுங்கள். அடுத்த மழை தொடங்குமுன் ஒரு சாக்கில் மண் நிரப்பி ஒரு துண்டு சேனையேனும் ஊன்றி வையுங்கள். தை பிறக்கும்போது தோண்டிப் பார்ப்போம்.